வில்வண்டியும் லேண்ட் ரோவரும்

மழைக்காலத்துச் சேற்றில் நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்க, செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு மேடேறி வரும் வண்டியை நாம் அறிவோம். அதன் அடியில், அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே, வளைந்த எஃகுத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டப்பட்டிருக்கும். பட்டறைகளில் இதனை ‘ஸ்பிரிங் பட்டை’ என்றும், சுருக்கமாகப் ‘பட்டை’ என்றும் சொல்வார்கள். இந்தப் பட்டையின் வரலாற்றை இன்று சிங்கப்பூர் வழியாகக் காண்போம். மாட்டு வண்டி, குதிரை வண்டி, படை வண்டி, லாரி என எல்லாக் காலத்து வண்டிகளும் உருண்ட ஊர் அது. அந்த வண்டிகளோடு நம்மவர் உழைப்பும் சேர்ந்தே உருண்டது.

முதலில் நம் முன்னோர் கப்பலேறிய பக்கத்தைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். அங்கே மிராசுதார் வீட்டு வாசலில் நின்றது வில்வண்டி. நெல்மூட்டையும் கூலியாளும் ஏறியது வில் இல்லாத கட்டைவண்டி. கட்டைவண்டியின் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அந்த அடி நேரே முதுகெலும்புக்கு வரும். வில்வண்டியிலோ, வளைந்த பட்டைகள் அந்த அடியை வாங்கிக்கொள்ளும். ஆகவே வில் என்பது வசதி மட்டுமன்று, தகுதியின் அடையாளமாகவும் இருந்தது. பக்கத்துத் திருவிதாங்கூரில் 1893-ஆம் ஆண்டு அய்யங்காளி, தம் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் வில்வண்டி ஒன்றை ஓட்டிச் சென்றார். அவர் கால்நடையாகவும் போயிருக்கலாம். வில்வண்டியில் போனதில்தான் பொருள் இருக்கிறது.

இனிச் சிங்கப்பூருக்கு வருவோம். இன்று லிட்டில் இந்தியா என அழைக்கப்படும் சிராங்கூன் சாலை வட்டாரம் ஒரு காலத்தில் மாடுகளின் ஊர். ‘கண்டாங் கெர்பாவ்’ என்றால் மலாய் மொழியில் எருமைக் கொட்டில். பஃப்பலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்னும் பெயர்கள் இன்றும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. மாட்டு வண்டிகள் நகரின் சுமையை இழுத்த அதே நாளில், செல்வர்கள் பட்டை வைத்த குதிரை வண்டிகளில் போனார்கள். 1896-இல் சிங்கப்பூரில் முதல் மோட்டார் வண்டி ஓடியது. குதிரை போய் இயந்திரம் வந்ததே தவிர, பட்டை போகவில்லை. குதிரை வண்டிக்கு அடித்த பட்டையின் மாதிரியே மோட்டார் வண்டிக்கும் ஏறியது.

1941 அக்டோபரில் புக்கித் தீமாவில் ஃபோர்டு நிறுவனத்தின் வண்டிகளைப் பூட்டும் தொழிற்சாலை திறக்கப்பட்டது. நான்கே மாதத்தில், 1942 பிப்ரவரி 15 அன்று, அந்தக் கட்டடத்திலேயே பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்தனர். போர் உலகமெங்கும் ஜீப்பைப் பரப்பியது. அந்த ஜீப்பைப் பார்த்தே இங்கிலாந்தில் லேண்ட் ரோவர் உருவாகி, 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளிவந்தது. படைக்கும் தோட்டத்துக்கும் அது ஏற்ற வண்டியாயிற்று. துரையின் லேண்ட் ரோவர் சத்தம் கேட்டதும் மலைக்காட்டில் கைகள் விரைந்த கதையைப் பெரியவர்கள் சொல்வார்கள்!

பிரிட்டிஷ் படைகள் 1971-இல் சிங்கப்பூரை விட்டுப் புறப்பட்டன. சிராங்கூன் சாலையிலிருந்து நடந்தே போகும் தூரத்தில், ரோச்சோர் கால்வாயோரம், சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை இருந்தது. திருட்டுச் சந்தை என்று பெயர் வாங்கிய இடம். படையினரின் சீருடை முதல் பழைய கருவிகள் வரை அங்கே விலைக்குக் கிடைத்தன. பக்கத்து ஜாலான் புசார் வட்டாரம் இரும்புச் சாமானுக்கும் உதிரிப்பாகங்களுக்கும் பெயர்பெற்றது. அந்தச் சந்தை 2017 ஜூலை 10 அன்று மூடப்பட்டுவிட்டது.

பழைய வண்டிக்குப் பட்டை வாங்குவோர் எதைப் பார்க்க வேண்டும்? ஒரே தடித்த தகடாக வைக்காமல் பல தகடுகளாக ஏன் அடுக்கினார்கள் என்பது புரிந்தால், விடை பாதி கிடைத்துவிடும். மெல்லிய தகடு வளையும். பல தகடுகள் சேர்ந்தால் சுமை தாங்கும். வளையும்போது அவை ஒன்றோடொன்று உரசுவதால் வண்டியின் ஆட்டமும் அடங்கும. துரு ஏறித் தகடுகள் ஒட்டிக்கொண்டால் அவை உரசி நகர்வதில்லை, வண்டி கட்டைவண்டியாகிவிடும். தலைப்பட்டை முறிந்தாலோ அச்சே இடம் நகர்ந்து வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பழைய பட்டையின் நீளம், அகலம், தகடுகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் தடிப்பு ஆகிய நான்கையும் அளந்து குறித்துக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும். லேண்ட் ரோவரில் 88 அங்குல வண்டியின் பின்பட்டை 109 அங்குல வண்டியின் சுமைக்குப் போதாது. ஓட்டுநர் பக்கத்துப் பட்டை மறுபக்கத்ததைவிடச் சற்று உயரமாக வளைக்கப்பட்டிருக்கும். ஓட்டுநர் இல்லாமல் வண்டி ஓடாதல்லவா? மறுபக்க இருக்கை காலியாகவும் போகலாம். இடம் மாற்றிப் பூட்டினால் வண்டி சாய்ந்தே நிற்கும். ஒரு பக்கம் முறிந்தாலும் இரு பக்கமும் மாற்றுவதே முறை. தளர்ந்த பட்டையை உலையில் காய்ச்சி வளைத்துத் தருவோரும் உண்டு. காய்ச்சிய எஃகுக்கு முறையாகப் பதம் ஏற்றாவிட்டால் அது விரைவில் மறுபடி படுத்துவிடும். மலிவைப் பார்த்து இதில் இறங்குவது நமக்குச் சரியாகப் படவில்லை.

மற்றொரு பழக்கமும் உண்டு. அதிகச் சுமை ஏற்ற வேண்டும் என்று கூடுதலாக இரண்டு தகடுகளைச் செருகுவார்கள். சுமையோடு வண்டி நன்றாகவே போகும். அதே வண்டியில் மாலையில் வேலையாட்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஏறினால்? ஒரு டன் எடைக்குக் கட்டிய பட்டை பத்துப் பேருக்கு வளைந்து கொடுக்காது. பள்ளத்தின் அடியெல்லாம் அவர்கள் உடம்பில்தான் இறங்கும். பட்டையின் வலிமையை முடிவு செய்யும்போது ஏறப்போவது சுமையா, ஆளா என்று கேட்டாக வேண்டும்.

இந்தக் கேள்வி சிங்கப்பூரில் இன்னும் ஓயவில்லை. தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர் பலர் லாரியின் பின்தட்டில் அமர்ந்தே வேலைக்குப் போய்வந்தனர். 2021 ஏப்ரலில் தீவு விரைவுச்சாலையில் தொழிலாளரை ஏற்றிச் சென்ற லாரி ஒன்று விபத்துக்குள்ளாகி இருவர் இறந்தனர். அது பட்டையால் நேர்ந்ததன்று. ஆனால் சரக்குக்காகச் செய்த வண்டியில் மனிதரை ஏற்றலாமா என்று நாடாளுமன்றத்திலும் கேள்வி எழுந்தது.

லேண்ட் ரோவர் 1983-இல் வந்த தன் புதிய வண்டியில் பட்டையை விட்டுச் சுருள்வில்லுக்கு மாறியது. பழைய மாதிரி 1985 வரை வெளிவந்தது. அத்தகைய வண்டி உங்கள் தோட்டத்தில் இன்னும் ஓடினால், பட்டை மாற்றும்போது பழைய யூ போல்ட்டுகளைத் திரும்பப் போட வேண்டாம். பட்டையின் இரு முனைகளிலும் உள்ள போல்ட்டுகளை, வண்டி தன் சக்கரங்களில் நின்ற பிறகே கடைசியாக முறுக்க வேண்டும். சில நாள் ஓடியபின் எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை முறுக்கிப் பாருங்கள்.