நோமா

நோமா (வாயழுகல் நோய்) என்பது ஊட்டம் குன்றிய குழந்தைகளின் வாயையும் முகத்தையும் மிக விரைவாக அழுகச் செய்யும் ஒரு கொடிய நோய் ஆகும். இது பெரும்பாலும் 2 முதல் 6 வயது வரையுள்ள சிறாரைத் தாக்குகிறது. மருத்துவம் பெறாதோரில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் இறக்கின்றனர். இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. கேங்க்ரம் ஓரிஸ் என்ற இலத்தீன் பெயராலும் இது அறியப்படுகிறது. மேய்தல், மேய்ந்து பரவுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து நோமா என்ற பெயர் வந்தது.

நோயின் போக்கு

முதலில் ஈறு வீங்கிக் குருதி கசியும். வாயில் துர்நாற்றம் வீசும். அடுத்துக் கன்னம் வீங்கும், காய்ச்சல் காணும். பின்னர்ச் சில நாள்களிலேயே கன்னத்தின் தோல் கருத்து, உதடு, மூக்கு, தாடை எலும்பு ஆகியவையும் அழிந்து, முகத்தில் துளை விழும். பிழைத்த குழந்தைகள் பலருக்குத் தழும்பு இறுகி வாய் திறக்க முடியாமற் போகிறது. உண்ணுதல், பேசுதல் இரண்டும் கடினமாகின்றன. ஊரார் பழிக்கு அஞ்சிக் குடும்பத்தார் இவர்களை வீட்டில் மறைத்து வைப்பதும் உண்டு. நோயாளிகளின் எண்ணிக்கை சரிவரத் தெரியாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

காரணங்கள்

தனியொரு கிருமி இதற்குக் காரணமன்று. வாயில் இயல்பாக வாழும் பாக்டீரியாக்களே, உடல் நலிந்த நிலையில் இழையங்களை அழிக்கத் தொடங்குகின்றன. ஊட்டச்சத்துக் குறைபாடு, வாய்த் தூய்மையின்மை, அண்மையில் கண்ட தட்டம்மை அல்லது மலேரியா, எச்.ஐ.வி. தொற்று ஆகியன இதற்கு வழிவகுக்கின்றன.

மருத்துவம்

ஈறு அழற்சி நிலையிலேயே கண்டறிந்தால் அமாக்சிசிலின், மெட்ரோநிடசோல் போன்ற மலிவான மருந்துகள், வாய் கழுவும் கிருமிநாசினி, சத்துணவு ஆகியவற்றால் நோயைத் தடுத்து நிறுத்தலாம். தட்டம்மை கண்டு தேறிய, மெலிந்த குழந்தையின் ஈற்றில் குருதி கசிவதைப் பொருட்படுத்தாமல் விடுவதே பெரும் இழப்பில் முடிகிறது. முகம் சிதைந்த பின்னர் எஞ்சும் வழி அறுவை மருத்துவம் மட்டுமே. அதுவும் தழும்பு ஆறிப் பல மாதங்கள் கழித்தே செய்யப்படுகிறது.

பரவல்

ஐரோப்பாவில் நுண்ணுயிர்க்கொல்லிகள் வருமுன்னரே, உணவும் வாழ்க்கைத் தரமும் உயர்ந்ததால் இந்நோய் அருகியது. இரண்டாம் உலகப்போரின்போது நாட்சி வதைமுகாம்களில் மீண்டும் தோன்றியது. இன்று சகாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்க நாடுகளில் மிகுதி. நைசீரியாவின் சொகோட்டோ நகரில் இதற்கெனத் தனி மருத்துவமனை உள்ளது. ஆண்டுக்கு 1,40,000 பேர் புதிதாக நோயுறுவதாக உலக சுகாதார அமைப்பு 1998இல் மதிப்பிட்டது. எனினும் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் அவ்வமைப்பு இதைச் சேர்த்தது 2023 திசம்பரில்தான்.

இந்தியாவில்

வங்காளம், அசாம், பீகார் பகுதிகளில் கருங்காய்ச்சல் (காலா அசார்) கண்டவர்களுக்குப் பின்விளைவாக வாயழுகல் வந்தது. 1920களின் தொடக்கத்தில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி யூரியா சிடிபமைன் என்னும் மருந்தை உருவாக்கும் வரை கருங்காய்ச்சலே பெரும்பாலும் உயிர்க்கொல்லியாக இருந்தது. இன்றும் இந்தியாவில் நோமா ஆங்காங்கே காணப்படுகிறது. தமிழ்நாட்டில் 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டமும், நாடு முழுவதும் 1985 முதல் விரிவாக்கப்பட்ட தட்டம்மைத் தடுப்பூசியும் நோமாவுக்கென வகுக்கப்பட்டவை அல்ல. ஆயினும் அதன் இரு முக்கிய வேர்களையும் அவை தாக்குகின்றன.

தொழுநோயுடன் வேறுபாடு

முகச் சிதைவு என்றதும் தொழுநோயை நினைப்பது தமிழகத்தில் இயல்பு. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய தோல் பதனிடும் ஊர்களை உள்ளடக்கிய பழைய வட ஆற்காடு மாவட்டம் தொழுநோய் மிகுந்த பகுதியாக இருந்தது. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்டு, தொழுநோயாளரின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் சீராக்கினார். 1955இல் அருகிலுள்ள கரிகிரியில் தொழுநோய் ஆய்வு மையம் நிறுவப்பட்டது. தொழுநோய் பல ஆண்டுகளில் மெல்ல வளர்வது. மூக்கின் உட்புறம் அழிந்து அது அமிழ்ந்தாலும் வெளித்தோல் பெரும்பாலும் எஞ்சியிருக்கும். நோமாவோ சில நாள்களில் தோல், தசை, எலும்பு அனைத்தையும் நீக்கிவிடுகிறது. எனவே நெற்றி, மார்பு போன்ற வேறு இடங்களிலிருந்து தோலும் தசையும் கொண்டுவந்தே முகத்தை மீளமைக்க வேண்டும். இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட அறுவைகள் தேவைப்படலாம்.