புல்லை முடிந்து வைத்துப் போன வழி



பௌர்ணமி வந்தால் நம் ஊர்ப் பிள்ளைகள் வேன் பிடித்துப் பர்வதமலைக்குக் கிளம்புகிறீர்கள். போட்டோக்களைப் பார்க்கிறேன். கலசபாக்கம் பக்கம் தென்மாதிமங்கலத்திலிருந்தோ கடலாடியிலிருந்தோ ஏற வேண்டிய, சுமார் 4,560 அடி உயர மலை. படிக்கட்டு முடிந்து பாறைக்காடு தொடங்கும். அப்புறம் செங்குத்துப் பாறையில் அடித்த கடப்பாறைகளையும் சங்கிலியையும் பிடித்துத் தொற்றி ஏறும் கடப்பாறை நெட்டு. உச்சியில் மல்லிகார்ஜுனர்.

அந்த மலைக்கு ஒரு பழைய வழிகாட்டி நூல் உண்டு. பத்தாம் வகுப்பில் படித்த மலைபடுகடாம்தான். அதில் வரும் நவிரமலை இந்தப் பர்வதமலையே என்பது அறிஞர்கள் கருத்து. அங்கே உறையும் சிவனுக்குக் காரியுண்டிக் கடவுள் என்று பெயர், நஞ்சை உண்டவர். பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடிகள். பாட்டுடைத் தலைவன் செங்கண்மாவை ஆண்ட நன்னன். இன்றைய செங்கம்தான் அது. பத்துப்பாட்டு முழுவதையும் உ.வே.சா. 1889-இல் அச்சேற்றினார். நம் காஞ்சிக்கும் அதே தொகுப்பில் ஓர் ஆற்றுப்படை இருக்கிறது. இளந்திரையனைத் தேடிவரும் பாணருக்கு வழி சொல்லும் பெரும்பாணாற்றுப்படை. ஆனால் மலையைத் தாண்டும் பாடு மலைபடுகடாத்தில்தான் விரிவாக வருகிறது.

பாடப்புத்தகத்தில் விருந்தோம்பல் பகுதியை மட்டும் வைத்தார்கள். தினைச்சோற்றை மனப்பாடம் செய்தோம்; அந்தச் சோற்றுக்குப் போய்ச் சேரும் வழியை விட்டுவிட்டோம். எனக்கு அந்த வழிதான் பெரிதாகத் தெரிகிறது.

போகிறவர்கள் யார்? வீரர்கள் அல்லர். பிழைப்புத் தேடும் கூத்தர் குடும்பம். முழவு, ஆகுளி, கொம்பு, யாழ் எல்லாவற்றையும் பையில் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு, விறலியரோடு மலை மேல் மலையாகக் கடக்க வேண்டும். பரிசு பெற்றுத் திரும்பும் இன்னொரு கூத்தன் எதிரே வந்து, எந்த இடத்தில் என்ன ஆபத்து என்று சொல்கிறான்.

காட்டுப்பன்றிக்காகப் புழைதோறும் கல்பொறி வைத்திருப்பார்கள். இருட்டில் நடக்காதே, விடிந்த பிறகு கிளம்பு. பரல் நிறைந்த பள்ளங்களில் பாம்பு ஒடுங்கிக் கிடக்கும். தினைப்புனத்தில் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள். அது எமனைப் போல வரும், பெரிய மரத்தின் மறைவில் ஒதுங்கிப் போ. பாசி படிந்த இடத்தில் கால் நிற்காது. பக்கத்தில் இருக்கும் சிறுமூங்கிலையும் நாணலையும் பற்றிக்கொண்டு கட. இருட்டிவிட்டால் சொந்த வீட்டுக்குள் நுழைகிற மாதிரி குகைக்குள் போய்த் தங்கு.

இவற்றையெல்லாம் நடந்து பார்த்தவன்தான் சொல்லியிருக்க முடியும். வர்ணனைக்காக எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை.

அதில் என்னை நிறுத்தி வைக்கும் இடம் ஒன்று. வழி பிரிகிற இடத்தில் தடத்தைத் துடைத்துச் சரிசெய்து, புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போகச் சொல்கிறான். நீ ஏற்கெனவே வழி கேட்டுத் தெரிந்துகொண்டாய். உனக்கு அந்த முடிச்சு தேவையில்லை. பின்னால் வரும், முகம் தெரியாத இன்னொரு கூத்தனுக்கு அது. இப்போது வழியெல்லாம் தண்ணீர் பாட்டில் கிடக்கிறது, அதுவும் ஒருவகை அடையாளம்தான்!

வழியில் நடுகற்கள் வரும், யாழ் இசைத்துத் தொழுதுவிட்டுப் போ என்றும் அவன் சொல்கிறான். செங்கம் வட்டாரத்தில் பிற்காலத்து நடுகற்கள் ஏராளம். தொல்லியல் துறை 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்று புத்தகமே போட்டது. அவற்றில் பலவற்றில் காலம் குறித்திருப்பது நம் காஞ்சிப் பல்லவர்களின் ஆட்சியாண்டைக் கொண்டு.

மலையை விட்டு இறங்கியதும் சேயாற்றங்கரையைப் பிடித்துப் போனால் நன்னனின் ஊர். அந்தச் சேயாறுதான் நம் செய்யாறு. திருமுக்கூடலில் வந்து பாலாற்றோடு சேர்கிறது.

அடுத்த பௌர்ணமிக்குப் போகிறவர்கள், டார்ச்சை நம்பி நடுராத்திரியில் கடப்பாறையைப் பிடிக்காதீர்கள். விடியட்டும். கீழே இறங்கியதும் எனக்கு ஒரு போன் போடுங்கள்.