முதுகுன்றத்துப் பொன்னும் பீங்கானும்

திருமுதுகுன்றத்தில் பெற்ற 12,000 பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. ஆற்றில் இடுமுன், மாற்று ஒப்புநோக்குவதற்காக அப்பொன்னில் மச்சம் வெட்டி வைத்துக்கொண்டார் என்னும் சிறு குறிப்பே நம்மை இங்கு ஈர்க்கிறது. பொன்னில் துணுக்கு வெட்டலாம். அதே ஊரில், அதாவது இன்றைய விருத்தாசலத்தில், சுட்டெடுக்கும் பீங்கானில் உளியை வைத்தால் அது நொறுங்கும். இரண்டும் திண்பொருள்களே, நடத்தையில் ஏன் இத்துணை வேற்றுமை?

பொன்னின் அணுக்கள் படிக ஒழுங்கில் அடுக்கடுக்காக அமைந்தவை. ஓரடுக்கு முழுவதும் ஒருங்கே மற்றோர் அடுக்கின்மேல் வழுக்குவதற்கு வேண்டிய விசையை 1926இல் பிரெங்கெல் என்னும் உருசிய அறிஞர் கணக்கிட்டார். மென்மையான உலோகங்களோ அக்கணக்கில் ஆயிரத்தில் ஒரு பங்கு விசைக்கே வளைந்து கொடுத்தன. ஒழுங்கை மட்டும் எண்ணிய கணக்கு இப்படிப் பொய்த்தது.

விடை 1934இல் வந்தது. ஆங்கிலேயரான டெய்லரும், அங்கேரியரான ஒரோவான், பொலானி இருவரும் தனித்தனியே ஒரே முடிவை எட்டினர்: படிகத்தின் அடுக்கில் ஓரிடத்தில் பிறழ்வு உண்டு, அப்பிறழ்வே நகர்கிறது. விரித்த ஜமக்காளத்தை முழுதாக இழுப்பது கடினம். ஒரு முனையில் மடிப்பொன்றை எழுப்பித் தள்ளிக்கொண்டே போனால் எளிதில் நகரும். அந்த மடிப்பு போன்றதே இப்பிறழ்வு. 1947இல் பிராகும் நையும் சோப்புக் குமிழிகளைத் தட்டில் பரப்பி இதனைக் கண்ணுக்குக் காட்டினர். 1956இல் ஹிர்ஷும் அவருடைய குழுவினரும் அலுமினியத் தகட்டில் பிறழ்வுகள் நகர்வதையே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டனர். கணக்குப் பொய்த்து முப்பதாண்டுகளுக்குப் பின்னரே இந்தக் காட்சி வாய்த்தது என்பது கருதத்தக்கது.

பீங்கானிலும் படிகங்கள் உண்டு, பிறழ்வுகளும் உண்டு. ஆனால் அணுப்பிணைப்பு இறுக்கமானதாகையால் அவை சாதாரண வெப்பத்தில் நகர்வதில்லை. எனவே விசையெல்லாம் நுண்ணிய கீறல்களின் முனையில் சென்று குவிகிறது. கிரிபித் 1921இல் கண்ணாடியைக் கொண்டு விளக்கியது இதுவே. ஈரக் களிமண்ணின் குழைவு வேறு வகை: அங்கு நழுவுவன அணு அடுக்குகளல்ல, நீர்ப்படலம் பூசிய தட்டையான துகள்கள். சூளையில் அந்நீர் போய்விடுகிறது. சுட்டபின் விரிசல் கண்ட பொம்மையையோ பியூஸ் கேரியரையோ மீண்டும் களிமண்ணாக்க இயலாது. செய்தவர் கூலி அதோடு போயிற்று. பொற்கொல்லர்க்கு அந்த அச்சமில்லை. தட்டத் தட்டப் பிறழ்வுகள் பெருகி, ஒன்றையொன்று தடுத்துப் பொன் விறைக்கும். காய்ச்சினால் அவை குறைந்து மீண்டும் இளகும்.

செம்பு கலந்தாலும் பொன் கடினமாகும். அயலணுக்கள் பிறழ்வுகளின் வழியை மறிப்பதே காரணம். திருவாரூரில் மாற்றுக் குறைந்து வந்ததாகச் சொல்லப்படும் அப்பொன்னில் கலந்தது செம்பாயின், இரண்டாம் முறை மச்சம் வெட்ட உளிக்குச் சற்றுக் கூடுதலாகவே வேலை இருந்திருக்கும்.