ஆகஸ்டில் எந்தக் கூட்டைக் கொல்வது?

இந்த எபிசோடுக்கான கேள்வி ரொம்பச் சின்னது. உங்ககிட்ட பத்து தேன்கூடு இருக்கு. கோடை முடியப் போகுது. அதுல எதைக் கொல்வீங்க?

"எதுக்குக் கொல்லணும்?"னு நீங்க திருப்பிக் கேட்கலாம். ஆனா இங்கிலாந்திலும் வட ஐரோப்பாவிலும் பல நூறு வருஷமா, ஆகஸ்ட் கடைசி வந்தா தேனீ வளர்த்தவங்க பெரும்பாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆகணும். இன்னைக்கு அதே ஊர்கள்ல, வீட்டுத் தோட்டத்துல பொழுதுபோக்கா ரெண்டு பெட்டி வச்சிருக்கவங்களுக்கும் வருஷத்திலேயே முக்கியமான மாசம் ஆகஸ்ட்தான். வேலைகள் தலைகீழா மாறிடுச்சு, கெடு மட்டும் அப்படியே இருக்கு.

முதல்ல நம்ம ஊர் காலண்டரைக் கொஞ்சம் ஓரமா வச்சிடுங்க. நமக்குக் கோடைன்னா ஏப்ரல், மே. அங்கே ஜூன்ல தொடங்கி ஆகஸ்ட்ல முடியும். பூக்கள் முடிஞ்சதுக்கு அப்புறம் அடுத்த வசந்தம் வரைக்கும் வெளியே சாப்பாடு கிடையாது. தேனீக்கள் கரடி மாதிரி தூங்கியும் போகாது. பந்து போல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, பறக்குற தசைகளை நடுங்க வச்சு சூடு உண்டாக்கி, சேர்த்து வச்ச தேனைத் தின்னு குளிர்காலத்தைத் தள்ளும். அந்த மொத்த பட்ஜெட்டும் கோடை முடிவுக்குள்ள கூட்டுக்குள்ள வந்திருக்கணும். தேனீக்களே அந்த நேரத்துல ஆள்குறைப்பு நடத்தும். இனி தேவையில்லாத ஆண் தேனீக்களை வாசல் வரைக்கும் இழுத்துட்டு வந்து வெளியே தள்ளிடும். ஐடி துறையில இருக்கவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, பழைய காலத்துக்குப் போவோம். அப்போ தேன்கூடுன்னா வைக்கோலைக் கயிறு மாதிரி முறுக்கிச் சுத்தித் தைச்ச ஒரு கூடை. கவிழ்த்து வச்ச அண்டா மாதிரி இருக்கும். உள்ளே தேனீக்கள் அடைகளைக் கூடையோட கூரையிலேயே ஒட்டிக் கட்டிடும். ஒரு அடையைக்கூட உருவிப் பார்த்துத் திரும்ப வைக்க முடியாது. ராணி இருக்கா, நோய் இருக்கா, தேன் எவ்வளவு இருக்கு, எதையும் சரியாத் தெரிஞ்சுக்க வழியில்லை. கிடைச்ச ஒரே டேட்டா, எடை. கூடையை லேசாத் தூக்கிப் பார்ப்பாங்க.

அந்த எடையை வச்சு எடுத்த முடிவுதான் விசித்திரம். ரொம்ப கனமான கூடைக்கு மரண தண்டனை, ஏன்னா அதுலதான் தேன் நிறைய. ரொம்ப லேசான கூடைக்கும் மரண தண்டனை, அது எப்படியும் குளிர்காலத்துல பட்டினியால சாகும், இருக்கற கொஞ்சத் தேனாவது மிஞ்சட்டும்னு. நடுத்தரக் கூடைகள் மட்டும் அடுத்த வருஷத்துக்குப் பிழைக்கும். சாயங்காலம் தேனீக்கள் எல்லாம் வீடு திரும்பின பிறகு, தரையில ஒரு சின்னக் குழி வெட்டி, கந்தகத்துல தோய்ச்ச துணியைக் கொளுத்தி வச்சு, மேல கூடையைக் கவிழ்த்து, சுத்தி மண்ணை அணைச்சிடுவாங்க. கொஞ்ச நேரத்துல இரைச்சல் அடங்கிடும். அப்புறம் அடைகளை அறுத்துப் பிழிவாங்க.

இதைக் கொடூரம்னு சொல்லிட்டுக் கடந்து போறது ஈஸி. எனக்கு அதைவிட உறுத்துறது, நல்லா உழைச்ச கூட்டத்தையே தேர்ந்தெடுத்து அழிக்கற கணக்கு. ஆனா அவங்க முட்டாள்கள் கிடையாது. கூடையைத் திறந்து பார்க்க முடியாதவங்களுக்கு எடையைத் தாண்டி வேற என்ன இருக்கு? ஹாம்ப்ஷயர் கிராமத்துப் பாதிரியார் சார்லஸ் பட்லர் 1609ல ஆங்கிலத்துல தேனீ பத்தி ஒரு முக்கியமான புத்தகம் எழுதினார். தேனீ ராஜ்யத்தை ஆள்றது ராஜா இல்லை, ராணின்னு தலைப்பிலேயே அறிவிச்ச மனுஷர். அவ்வளவு கூர்ந்து பார்த்தவர் புத்தகத்திலும் தேன் எடுக்கற வழிகள்ல ஒண்ணு கொல்றதுதான்.

மாற்று வழி ஒண்ணு அப்பவே இருந்தது. நிறைஞ்ச கூடையைத் தலைகீழாத் திருப்பி, மேல ஒரு காலிக் கூடையைச் சாய்ச்சு வச்சு, கீழ்க்கூடையோட பக்கங்களை ரெண்டு கையாலயும் தாளம் போடற மாதிரி தட்டிக்கிட்டே இருந்தா, தேனீக்கள் வரிசையா மேல ஏறிக் காலிக் கூடைக்குப் போயிடும். யாரும் சாக வேண்டாம். 1768ல தாமஸ் வைல்ட்மேன் எழுதின புத்தகம் இதையெல்லாம் விளக்கமாச் சொல்லி, கொல்றதை நிறுத்தச் சொன்னது. அப்போ ஏன் எல்லாரும் மாறல? ஆகஸ்ட் கடைசியில தேனில்லாத வீட்டுக்குத் துரத்தின தேனீக்கள் எதைத் தின்னும்? சர்க்கரை அப்போ ஏழை வீட்டுல கிள்ளிப் போடற பொருள். கருணை காட்டணும்னா ஒரு கூட்டத்துக்குக் கிலோக்கணக்கா சர்க்கரை வாங்கணும். கந்தகம் மலிவு. இந்தப் பிரச்சினைக்கு மனசு மாறினா மட்டும் போதாது, விலையும் மாறணும்.

19ஆம் நூற்றாண்டில விலை மாறுச்சு, பெட்டியும் மாறுச்சு. பெட்டியை மாத்தினவர் லாரென்சோ லாங்ஸ்ட்ராத், அமெரிக்கப் பாதிரியார், வாழ்நாள் பூரா மனச்சோர்வோட போராடினவர். 1851 இலையுதிர்காலத்துல அவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. தேனீக்கள் நடமாட விடற சந்து, சுமார் கால் அங்குலத்துல இருந்து காலே அரைக்கால் அங்குலம், அதாவது 6 முதல் 9 மில்லிமீட்டர். அதைவிடச் சின்ன இடைவெளியா இருந்தா பிசின் வச்சு அடைச்சிடும். பெருசா இருந்தா குறுக்கே அடை கட்டிடும். சரியா அந்த அளவு விட்டா, அப்படியே பாதையா விட்டுடும். அப்போ அடைகளை மரச் சட்டங்கள்ல கட்ட வச்சு, சட்டத்தைச் சுத்தி எல்லாப் பக்கமும் அந்த இடைவெளியை விட்டா, எந்தச் சட்டத்தையும் உருவி எடுத்துப் பார்த்துத் திரும்ப வைக்கலாம். 1852 அக்டோபர்ல காப்புரிமை வாங்கினார். அதை மீறி ஊரெல்லாம் காப்பி அடிச்சாங்க, அவர் பெருசா எதுவும் சம்பாதிக்கல. என் பார்வையில தேனீ வளர்ப்போட வரலாறே இந்த ஒரு அளவுக்கு முன், பின்னுதான் பிரியும். அதுவரைக்கும் கூடு ஒரு பூட்டின பெட்டி. அதுக்கு அப்புறம் உள்ளே என்ன ஓடுதுன்னு படிக்க முடிஞ்சது.

அடுத்து 1865ல ஆஸ்திரிய ராணுவ மேஜர் ஃபிரான்ஸ் ஹ்ருஷ்கா, அடையைச் சுழற்றித் தேனை மட்டும் தெறிக்க வைக்கற இயந்திரத்தைக் காட்டினார். அவரோட பையன் அடை வச்ச கூடையை வீசிச் சுத்தினதைப் பார்த்துத் தோணுச்சுன்னு ஒரு கதை உண்டு. கதையை விடுங்க. அடை உடையாமத் திரும்பக் கிடைச்சதுதான் பெரிய விஷயம், ஏன்னா மெழுகு உண்டாக்கத் தேனீக்கள் நிறையத் தேனைச் செலவழிக்கணும்.

ஆனா கிராமத்துக் கூடைகள் உடனே போகல. 1874ல தொடங்கின பிரிட்டிஷ் தேனீ வளர்ப்போர் சங்கம் கந்தகக் குழியை ஒழிக்கறதை ஒரு இயக்கமாவே செஞ்சது. எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது. கோடை முடிவுல, பெட்டி வச்சிருக்கவங்க சிலர் கிராமம் கிராமமாப் போய், "உங்க கூடையைக் கொல்லாதீங்க, நான் வந்து தேனீக்களைத் தட்டி எடுத்துட்டுப் போறேன், தேன் பூரா உங்களுக்கே"ன்னு சொல்லுவாங்க. குடியானவருக்குத் தேன், வந்தவருக்கு இலவசமா ஆயிரக்கணக்குல தேனீ. ரெண்டு மூணு கூடை தேனீக்களைச் சேர்த்து ஒரு பெட்டியில விட்டு, சர்க்கரைப் பாகு ஊத்தினா, ஒரு புதுக் குடும்பம் ரெடி. சர்க்கரை மலிவானதால மட்டுமே நடந்த கருணை.

இன்னைக்கு அங்க ஒரு ஹாபி வளர்ப்பாளர் ஆகஸ்ட்ல செய்யற வேலைகள்ல பாதி இதோட வாரிசுதான். தேன் எடுத்த பிறகு ரெண்டு பங்கு சர்க்கரை, ஒரு பங்கு தண்ணீர் கணக்குல கெட்டிப் பாகு. பலவீனமான ரெண்டு கூட்டத்தை நடுவுல ஒரு செய்தித்தாளை விரிச்சுச் சேர்க்கறது. தாளைக் கடிச்சு ஓட்டை போடறதுக்குள்ள வாசனை கலந்துடும், சண்டை வராது. குளவியும் பக்கத்துக் கூட்டுத் தேனீயும் கொள்ளையடிக்க வரும், அதனால வாசலைச் சுருக்கறது. அப்புறம் பெட்டியோட பின்பக்கத்தை லேசாத் தூக்கி எடை பார்க்கறது. ஆமா, அதே பழைய டேட்டா.

மீதிப் பாதி வேலைக்குக் காரணம் ஒரு உண்ணி. பேர் வரோவா. 1904ல ஜாவா தீவுல, ஆசியத் தேனீ மேல இருந்ததைத்தான் முதல்ல விவரிச்சாங்க. ஐரோப்பியத் தேனீயை மனுஷங்க கிழக்கே கொண்டுபோய் ஆசியத் தேனீ பக்கத்துல வச்சதால, 20ஆம் நூற்றாண்டுல அதன் நெருங்கிய இனம் ஒண்ணு புது வீட்டுக்குத் தாவுச்சு. 1987ல அமெரிக்கா, 1992ல இங்கிலாந்து. தாவினது வேற இனம்னு 2000த்துலதான் பிரிச்சுக் காட்டி, அதுக்கு 'டிஸ்ட்ரக்டர்'னு பேர் வச்சாங்க. பொருத்தமான பேர்.

இது ஏன் கோடை முடிவுப் பிரச்சினை? கோடையில பிறக்கற வேலைக்காரத் தேனீ ஆறு வாரம் போல வாழும். கோடை முடிவுல இருந்து பிறக்கறது வேற வார்ப்பு. உடம்புல கொழுப்புத் திசு அதிகம், ஆறு மாசம் வரைக்கும் வாழும். குளிர்காலத்தைத் தாண்டறது அதுங்கதான். வரோவா மூடின அறைக்குள்ள, வளர்ற குஞ்சு மேல பெருகும். கோடை முடியும்போது குஞ்சுகள் குறைஞ்சுக்கிட்டே வரும், உண்ணிகள் உச்சத்துல இருக்கும். அப்போ ஒவ்வொரு குஞ்சு மேலயும் விழற பங்கு ஏறும். அது தின்னறது முக்கியமா அந்தக் கொழுப்புத் திசுவைத்தான்னு 2019ல வந்த ஆய்வு காட்டுச்சு. கூடவே சிறகைச் சுருக்கற வைரஸையும் ஏத்தும். ஆகஸ்ட்ல பெட்டி நிறைஞ்சு வழியும், தேன் நிறைய இருக்கும், எல்லாம் சூப்பரா தெரியும். நவம்பர்ல திறந்தா ஒரு கைப்பிடி தேனீ. அக்டோபர்ல மருந்து வச்சாலும், நலிஞ்சு பிறந்த தேனீ திரும்பக் கொழுக்காது.

அதனால எண்ணிப் பார்க்கணும். அரை கப் அளவு, சுமார் 300 தேனீக்களை ஆல்கஹால்ல போட்டுக் குலுக்கி, உதிர்ந்த உண்ணிகளை எண்ணுவாங்க. ஒன்பதைத் தாண்டினா, அதாவது நூத்துக்கு மூணு, உடனே மருந்து. பலர் அதுக்கு முன்னாடியே வைப்பாங்க. அந்த 300ம் செத்துடும். புதுசா வளர்க்கறவங்க நிறைய பேர் இங்கதான் தயங்குவாங்க: "கொல்லக் கூடாதுன்னுதானே இதுக்கு வந்தோம்." சர்க்கரைப் பொடி தூவிக் குலுக்கற முறை இருக்கு, தேனீ பிழைக்கும், கணக்கு அவ்வளவு துல்லியமா வராது. என் கருத்தைக் கேட்டா, எண்ணாம விடறவர் தன் மனசைக் காப்பாத்திக்கறார், கூட்டத்தை இல்லை.

கொல்ற வேலை முழுசாப் போயிடவும் இல்லை. 2022 ஜூன்ல ஆஸ்திரேலியாவோட நியூகாசில் துறைமுகத்துல வரோவாவைக் கண்டுபிடிச்சாங்க. பரவாம ஒழிக்கறதுக்காக, சுத்துவட்டாரத்துல ஆயிரக்கணக்கான பெட்டிகளை அரசே அழிச்சது, உண்ணி இல்லாத ஆரோக்கியமான பெட்டிகளையும் சேர்த்து. கந்தகத்துக்குப் பதில் பெட்ரோல். 2023 செப்டம்பர்ல முடியாதுன்னு கைவிட்டாங்க. இப்போ அங்க ஒவ்வொரு ஹாபி வளர்ப்பாளரும் குலுக்கி எண்ணக் கத்துக்கறாங்க. அவங்களுக்குக் கோடை முடிவு பிப்ரவரி, மார்ச்.

கடைசியா, நிச்சயம் வரப்போற கேள்வி: நம்ம ஊர்ப் பெட்டிகள்ல? மார்த்தாண்டம் பக்கம் பெட்டியில வளர்க்கற இந்தியத் தேனீ அந்த ஆசியத் தேனீதான். உண்ணிகளுக்கு அது பழைய வீடு. ஒண்ணையொண்ணு சுத்தம் பண்ணிக்கும், உண்ணி பெரும்பாலும் ஆண் தேனீ அறைகள்லதான் பெருக முடியும், அதனால கூட்டம் தாங்கிடும். நம்ம தேனீயை 1990களின் தொடக்கத்துல அடிச்சது வேற ஒண்ணு, தாய் சாக்புரூட் வைரஸ். தென்னிந்தியாவுல பெரும்பாலான பெட்டிகள் காலியாச்சு. அது தனி எபிசோட்.