நின்றவர் கால்களும் இன்ஷூரன்ஸ் காகிதங்களும்

எங்கள் தாத்தாவைப் பம்பாயின் தாராவிக்குக் கூட்டிவந்தது தோல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே திருநெல்வேலிச் சீமை ஆட்கள் இங்கே தோல் பதனிட வந்துகொண்டிருந்தார்கள். தாத்தா அவர்களுக்குப் பிந்தியவர். தொட்டியோரம் விடிந்தது முதல் இருட்டும்வரை நின்றே வேலை. அந்த நாற்றம் வேண்டாமென்று அப்பா பரேல் பக்கம் பஞ்சு மில்லுக்குப் போனார். நூல் நூற்கும் ரிங் பிரேமில் அறுந்த இழையை ஒட்டும் வேலை. அங்கேயும் உட்கார இடமில்லை. இருவர் கெண்டைக்காலிலும் நரம்பு நீலமாக, முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. நரம்பு சுருட்டல் என்போம். டாக்டர்கள் வெரிகோஸ் வெயின் என்பார்கள்.

காலில் இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைச் சதை. கீழே திரும்பாமல் தடுப்பவை சிரைக்குள் இருக்கும் வால்வுகள். மணிக்கணக்காக நின்றால் ரத்தம் தேங்கும், சிரை விரியும், வால்வு பொருந்தாமல் போகும். டென்மார்க்கில் 12 ஆண்டுகள் தொழிலாளர்களைப் பின்தொடர்ந்து 2005-இல் வெளியிட்ட ஆய்வு, பெரும்பாலும் நின்று வேலை செய்பவர்கள் இதற்காக ஆஸ்பத்திரியில் சேர்வது மற்றவர்களைவிட ஏறக்குறைய முக்கால் மடங்கு அதிகம் என்றது. தாத்தாவிடம் கேட்டிருந்தால் ஆய்வில்லாமலே சொல்லியிருப்பார்.

தாத்தாவின் கால் புண்ணுக்கு யாரும் பணம் தரவில்லை. அப்பாவுக்குக் கிடைத்தது. 1948-இல் சட்டமாகி, 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கிய இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசு இன்ஷூரன்ஸ் திட்டம் 1954-இல் பம்பாய்க்கும் வந்தது. சம்பளத்தில் சிறு பிடித்தம், முதலாளியின் பங்கு, கையில் ஒரு கார்டு. அப்பாவின் சிரையை உருவியெடுத்த ஆபரேஷன் அந்தக் கார்டில்தான் நடந்தது. படுத்திருந்த நாட்களுக்கும் பாதிச் சம்பளம் போல ஏதோ வந்ததாக அம்மா சொல்வாள்.

ஆனால் இ.எஸ்.ஐ. அதைச் சாதாரண நோயாகத்தான் கணக்கெழுதியது. தொழிலால் வரும் நோய்களை அந்தச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை வரிசைப்படுத்தியது. தோல் பதனிடும் குரோமியத்தால் வரும் நோய் அதில் இருந்தது. பஞ்சுத் தூசி நுரையீரலில் ஏறுவதால் வரும் பிசினோசிஸும் இருந்தது. தாத்தாவின் தொட்டியையும் அப்பாவின் மில்லையும் அறிந்திருந்த அந்தப் பட்டியலில், இருவருக்கும் பொதுவாக இருந்த கால் மட்டும் இல்லை. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் மூன்றாம் அட்டவணையிலும் இல்லை. இதை நான் பெரிய அநியாயமாகவே நினைக்கிறேன்.

1982 ஜனவரி 18 அன்று தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் பம்பாய் மில்களில் வேலைநிறுத்தம். இரண்டரை லட்சம் பேர் வெளியே வந்தார்கள். பலர் திரும்பப் போகவே இல்லை. மில்லோடு கார்டும் போயிற்று. அப்பாவைப் போன்றவர்கள் தாராவியின் சின்னச் சின்ன ஒர்க்‌ஷாப்புகளில் பை தைக்கவும் பெல்ட் வெட்டவும் வந்தார்கள். பத்து பேருக்குக் குறைவான இடத்தில் இ.எஸ்.ஐ. தானாக வராது. மிச்சமிருந்தது சயான் ஆஸ்பத்திரி வரிசை. அதிலும் நிற்கத்தான் வேண்டும்.

1986-இல் அரசு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் மெடிகிளைம் என்ற மருத்துவ பாலிசியைக் கொண்டுவந்தன. நான் ஏஜென்டானது அதற்குப் பிறகு. மாட்டுங்கா, செம்பூர் வீடுகளில் எளிதாக விற்றது, தாராவியில் அரிதாக. 24 மணி நேரம் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தால்தான் பணம் என்பது அன்றைய விதி. பின்னாளில் லேசரும் ரேடியோ அலையும் வந்து, காலையில் போனவர் மாலையில் நடந்தே திரும்ப, டே கேர் என்று விதி இளகியது. ஆனால் 2020 ஏப்ரலில் எல்லாக் கம்பெனிகளும் ஒரே மாதிரி விற்க வேண்டுமென்று வந்த ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியைப் பாருங்கள்: வெரிகோஸ் வெயினுக்கும் அதன் புண்ணுக்கும் 24 மாதக் காத்திருப்பு. முப்பது வருஷம் நின்றவர் இன்னும் இரண்டு வருஷம் நிற்க வேண்டும். தோலில் தெரியும் சிலந்திவலைச் சிரைக்கோ அழகு சிகிச்சை என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அதனால் வலி, வீக்கம், புண் என்று டாக்டர் கைப்பட எழுதியதையும் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் முதலிலேயே வாங்கிவைக்கச் சொல்வேன்.

சென்னை தி.நகர் ஜவுளிக்கடையில் நிற்கும் என் சித்தி மகளுக்காவது 2021-இல் தமிழ்நாடு அரசு நாற்காலி தரச் சட்டம் போட்டது. கேரளம் 2018-லேயே போட்டுவிட்டது. அவள் கால் பிழைக்கலாம். ஏற்கெனவே கெட்டுப்போன கால்களுக்கு வேண்டியது மூன்றாம் அட்டவணையில் ஒரு வரி. அரசிதழ் அறிவிப்பு போதும். தொழிற்சங்கக்காரர்களைப் பார்க்கும்போதெல்லாம் அதைக் கேளுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.