எண்ணாமல் விட்ட சாவுகள்

“அறுபது இலட்சம்!” என்றார் ஒரு தோழர். “இல்லை, இரண்டு கோடி!” என்றார் மற்றொருவர். பாலக்கோட்டுப் படிப்பகத்திலே, ஒரு ஞாயிறு மாலை, சொற்போர் சூடேறி நின்றது. கொரோனா கொடிதா, 1918ஆம் ஆண்டு வந்த விஷக்காய்ச்சல் கொடிதா என்பது வழக்கு. இருவர் கையிலும் ஏடு இருந்தது. இருவரும் இட்டுக்கட்டிப் பேசவில்லை. பள்ளி ஆசிரியன் என்பதால் என்னைத் தீர்ப்புக் கூற அழைத்தனர். அன்று நான் கூறவில்லை. கூறாததை இங்கு எழுதுகிறேன்.

இரண்டு எண்களுக்கும் இடையே நிற்பது எவ்வளவு தெரியுமா? ஒரு கோடியே நாற்பது இலட்சம்! அத்தனை பேர் மாண்டார்களா, மாளவில்லையா என்பதே ஐயத்திற்குரியதாகிவிட்ட நாடு இது. ஆடு ஒன்று காணாமற் போனால் ஊரெல்லாம் தேடுவோர் நாம். ஆனால் மனிதர் மறைந்தால், ‘விதி’ என்று ஒரு சொல். அத்துடன் கணக்கு முடிந்தது! தலையெழுத்தால் செத்தான் என்று நம்புபவனுக்கு, எத்தனை பேர் செத்தனர், எந்தத் தெருவில் செத்தனர், ஏன் செத்தனர் என்று கேட்கத் தோன்றுமா? கோவையிலே பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் உண்டு. 2021ஆம் ஆண்டு அதே கோவைப் பகுதியில் ‘கொரோனா தேவி’க்குச் சிலையும் வைத்தனர். நோய்க்குச் சிலை எழுந்தது. நோயில் மாண்டவர்க்குச் சரியான கணக்கு எழவில்லை!

கணக்கெடுக்கும் வழியை உலகுக்குக் காட்டியவர் பேரரசருமல்லர், பேராயருமல்லர். இலண்டன் நகரத்துத் துணி வணிகர் ஒருவர். ஜான் கிராண்ட் என்பது பெயர். அந்நாளில் அந்நகரில் பிணத்தைப் பார்த்துச் சாவின் காரணம் சொல்லும் வேலை முதிய பெண்களுக்கு ஒப்படைக்கப்பட்டிருந்தது. பிளேக் என்று சொல்லிவிட்டால் வீட்டையே பூட்டிவிடுவர். ஆகவே காசு கைமாறும், காரணமும் மாறும். கிராண்ட் என்ன செய்தார்? பிளேக் சாவுகளை மட்டும் பார்க்காமல், மற்ற நோய்களின் பெயரில் எழுதப்பட்ட சாவுகளையும் பார்த்தார். பிளேக் பரவிய 1625ஆம் ஆண்டிலே அவையும் திடீரென்று பெருகியிருந்தன! ஒளித்து வைக்கப்பட்ட பிளேக் அங்கே இருந்தது. ஏட்டில் எழுதியதைவிடக் கால்பங்கு அதிகம் பேர் பிளேக்கில் மாண்டிருக்க வேண்டும் என்று 1662இல் எழுதினார். வழக்கமாக எத்தனை பேர் சாவர், இந்த ஆண்டு எத்தனை பேர் செத்தனர், மிகுதி எவ்வளவு — இந்தக் கழித்தற் கணக்குத்தான் இன்றைய அறிவியலாரும் போடும் கணக்கு.

இந்த உரைகல்லை எடுத்துக்கொண்டு 1918க்கு வருவோம். ஜூன் மாதம் பம்பாயில் நோய் தலைகாட்டிற்று. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சூறையாடிற்று. சென்னை மாகாணத்துச் சிற்றூர்களிலே சாவைப் பதிந்தவர் மருத்துவர் அல்லர், ஊர் மணியக்காரர். அவருக்குத் தெரிந்த காரணங்கள் சில: வாந்திபேதி, அம்மை, பிளேக், வயிற்றுப்போக்கு, காய்ச்சல். புதிய நோயும் ‘காய்ச்சல்’ என்ற பெருங்குழியிலே போய் விழுந்தது. எழுதுகிறவரே பாயில் படுத்துவிட்டால் எழுத ஆளில்லை; நோய் உச்சத்தில் இருந்தபோது நாட்டின் பல பகுதிகளில் பதிவே நின்றுபோயிற்று. ஏடு மௌனமாயிருந்த நாட்கள்தாம் சாவு மிகுந்திருந்த நாட்கள்! எழுதிய நாட்களில்தான் என்ன? ஊர்த் தெருவைத் தாண்டிச் சேரிக்குச் சென்று கேட்டு எழுதிய கைகள் எத்தனை இருந்திருக்கும்?

அந்த ஏட்டை நம்பி, 1919இல், அரசின் சுகாதார ஆணையர் நார்மன் ஒயிட் சொன்ன எண்தான் அறுபது இலட்சம். 1921ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கு எடுக்கப்பட்டது. ஆளைக் காணோம்! கணக்கெடுப்பு ஆணையர் மார்ட்டன், 1 கோடியே 20 இலட்சம் முதல் 1 கோடியே 30 இலட்சம் வரை இருக்கும் என்றார். சில ஆண்டுகளில் எண் இரு மடங்காயிற்று; செத்தவர் பிறகு சாகவில்லை, கணக்குத்தான் கண் திறந்தது. 1951இல் அமெரிக்க அறிஞர் கிங்ஸ்லி டேவிஸ், நோய் வராதிருந்தால் மக்கள் தொகை எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று கருதி, இருந்ததை அதிலிருந்து கழித்து, 1 கோடியே 85 இலட்சம் முதல் 2 கோடி வரை என்றார். 2012இல் வந்த ஓர் ஆய்வோ, மாவட்ட வாரியாகப் பார்த்து, ஏறத்தாழ 1 கோடியே 38 இலட்சம் என்கிறது.

படிப்பகத்துத் தோழர் இருவரும் இப்போது எங்கே நிற்கின்றனர்? அறுபது இலட்சம் என்றவர் அரைகுறை ஏட்டை நம்பினார். இரண்டு கோடி என்றவர், கழித்தலில் கிடைத்த மிச்சம் முழுவதையும் நோயின் தலையில் ஏற்றினார். அன்னிய ஆட்சியைச் சாட பெரிய எண் நமக்கு வசதியாயிருக்கலாம். ஆனால் வசதியான எண்ணைப் பொறுக்கி எடுப்பது பஞ்சாங்கக்காரன் வேலை, பகுத்தறிவாளன் வேலையன்று.

கழித்தற் கணக்கும் கவனமாகச் செய்யவேண்டிய ஒன்று. நம் பாலக்கோடு அன்று அடங்கியிருந்த சேலம் மாவட்டத்தையே பாருங்கள். 1871இல் சுமார் 19 இலட்சத்து 67 ஆயிரம் மக்கள். 1881இல் சுமார் 16 இலட்சம். இடையிலே வந்தது 1876-78 பெரும் பஞ்சம். குறைந்த மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோரும் மாண்டவரா? பிழைக்க வழி தேடி ஊரைவிட்டுப் போனவரும் அதில் உண்டு. பஞ்சத்தால் பிறவாமற்போன பிள்ளைகளும் உண்டு. மறுபக்கம், 1911க்கும் 1921க்கும் இடையே இந்தியாவின் மக்கள் தொகை குறைந்தது. இன்றைய தமிழ்நாட்டுப் பகுதியிலோ 2 கோடியே 9 இலட்சம், 2 கோடியே 16 இலட்சமாக ஏறிற்று. ‘இங்கே நோயே இல்லை’ என்று சொல்லிவிடலாமா? முந்திய பத்தாண்டில் நூற்றுக்கு எட்டுக்கு மேல் வளர்ந்த மக்கள், இந்தப் பத்தாண்டில் நூற்றுக்கு மூன்றரையே வளர்ந்தனர். ஏற்றத்துக்குள்ளேயும் இழப்பு ஒளிந்திருக்கும்!

மொத்த எண்ணுக்குள்ளும் ஒன்று ஒளிந்திருக்கிறது. 1918இல் பம்பாய் நகரில் இந்த நோய்க்குப் பலியானோரை இனவாரியாகக் கணக்கிட்டனர். ஆயிரம் ஐரோப்பியரில் மாண்டவர் 8 பேர். ஆயிரம் பார்சிகளில் 9 பேர். மேல்சாதி இந்துக்களிலும் முஸ்லிம்களிலும் ஆயிரத்துக்கு 19 பேர். ‘கீழ்ச்சாதி’ என்று ஏட்டில் எழுதப்பட்ட மக்களிலோ, ஆயிரத்துக்கு 61 பேருக்கு மேல்! நோய்க்கிருமி சாதி பார்க்குமா? பாராது. ஆனால் காற்றும் ஒளியும் புகாத ஒற்றை அறையில் பத்துப் பேரை அடைத்து வைத்தது சாதி. பசித்த வயிற்றோடு பாரம் சுமக்க வைத்தது சாதி. மருத்துவர் வாசற்படியை மிதிக்கவொட்டாமல் தடுத்தது சாதி. கிருமி வந்தபோது, அது செல்லவேண்டிய பாதையைச் சமூகம் முன்பே வெட்டி வைத்திருந்தது. சராசரி ஒன்றை மட்டும் போட்டுவிட்டால் இந்தக் கொடுமை தெரியவே தெரியாது.

முதல் உலகப் போரில் மாண்ட 74,000 இந்தியப் போர்வீரர் நினைவாகத் தில்லியில் வளைவு எழுந்தது. அதிலே 13,000க்கு மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டன. எழுப்பட்டும், வேண்டாமென்று யார் சொன்னார்? ஆனால் அதே காலத்தில் குடிசையில் மாண்ட கோடிப் பேருக்குக் கல்லுமில்லை, பெயருமில்லை. உறுதியான எண்கூட இல்லை.

அது அடிமை நாள் என்பீர்கள். விடுதலை நாளைப் பார்ப்போம். 2020 ஜூலை 22 அன்று, விடுபட்டிருந்த 444 கொரோனா சாவுகள் தமிழ்நாட்டுக் கணக்கில் ஒரே நாளில் சேர்க்கப்பட்டன. சென்னை மாநகராட்சியின் ஏடும் மாநிலத்தின் ஏடும் ஒத்துப்போகவில்லை. குழு அமைத்துச் சரிபார்த்தபோதே அவை வெளிவந்தன. நாடு முழுவதற்கும், 2021 முடிய, கொரோனாவில் மாண்டவர் 4 இலட்சத்து 81 ஆயிரம் என்றது இந்திய அரசு. 47 இலட்சம் என்று மதிப்பிட்டது உலக சுகாதார நிறுவனம். 2022இல் அம்மதிப்பீடு வந்தபோது, கணித யூகம் இது என்று இந்திய அரசு மறுத்தது. பின்னர், 2025இல், அரசின் சொந்தப் பதிவேடே வெளிவந்தது. 2020இல் பதிவான சாவுகள் 81 இலட்சம். 2021இல் 1 கோடியே 2 இலட்சம்! ஒரே ஆண்டில் மிகுதி 21 இலட்சம். அவ்வாண்டில் கொரோனா என்று அறிவிக்கப்பட்டவை ஏறத்தாழ 3 இலட்சத்து 30 ஆயிரமே. 21 இலட்சமும் கொரோனாதான் என்று நான் சொல்லமாட்டேன். பதியும் பழக்கம் வளர்ந்ததும் அதிலே கொஞ்சம் இருக்கும். ஆனால் எஞ்சியவர் எதனால் மாண்டனர் என்று கேட்பது குற்றமா?

இவ்வளவும் சரிபார்த்த பின்னரே ஒப்பிடலாம். 1918இல் நாட்டின் மக்கள் ஏறத்தாழ 31 கோடி. 2021இல் ஏறத்தாழ 140 கோடி. 1 கோடியே 20 இலட்சம் என்ற மதிப்பைக் கொண்டால், அன்று ஆயிரத்துக்குச் சுமார் 39 பேர் மாண்டனர். 47 இலட்சம் என்ற மதிப்பைக் கொண்டாலும், கொரோனாவில் ஆயிரத்துக்கு மூன்று, நான்கு பேர். அன்று பெரும்பாலும் சில மாதங்களில், இன்று ஈராண்டில். அன்று மாண்டவர் மிகுதியும் உழைக்கும் வயதினர். இன்று மிகுதியும் முதியோர். ஆகவே 1918தான் கொடியது. இதுதான் என் தீர்ப்பு. முதியோர் மிகுந்த நாட்டை இளையோர் மிகுந்த நாட்டுடன் வயதைக் கருதாமல் ஒப்பிடுவதும், பதிவேடு செம்மையான நாட்டைப் பதிவேடு ஓட்டையான நாட்டுடன் ஒப்பிட்டு ‘நாங்கள் வென்றோம்’ என்று மார்தட்டுவதும் அறிவுடைமை ஆகா.

செத்தவர் எழுந்து வரப்போவதில்லை, எண்ணி என்ன பயன் என்று கேட்பாருண்டு. 2021இல் உச்சநீதிமன்றம், கொரோனாவில் மாண்டவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் உதவித்தொகைக்கு வழிசெய்தது. சான்றிதழில் காரணம் கொரோனா என்று எழுதவில்லை என்பதற்காக மட்டும் மறுக்கலாகாது என்றும் கூறிற்று. ஏன் கூற நேர்ந்தது? ஒரு சொல் எழுதப்படாததால் விதவையின் கை வெறுங்கையாகும் என்பதால்! 2020இல் பதிவான சாவுகளில், மருத்துவர் காரணம் கண்டு சான்றளித்தவை நான்கில் ஒன்றுக்கும் குறைவு. அடுத்த கொள்ளைநோய் வந்தாலும் இதே இருட்டில்தான் கணக்கெடுப்போம்.

ஆகவே தோழர்களே, எண்ணை வைத்துச் சண்டையிடுமுன் மூன்று கேளுங்கள்: எழுதியவர் யார்? எழுதாமல் விடப்பட்டவர் யார்? எந்தத் தெருவில் அதிகம்? உங்கள் ஊரில், உங்கள் சேரியில், ஒரு சாவு நேர்ந்தால், துக்க வீட்டில் தோள் கொடுத்த கையோடு, 21 நாட்களுக்குள் அதைப் பதிய உதவுங்கள். காரணத்தை எழுதக் கேளுங்கள். வாழ்ந்தபோது எண்ணப்படாத மனிதன், மாண்ட பின்னாவது ஒன்று என்று எண்ணப்படட்டும்!