சுமையும் பளுவும்

1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலேயே பளுதூக்குதல் இடம்பெற்றது. பெண்களுக்கு அம்மேடை திறந்ததோ 2000இல், சிட்னியில். இடைப்பட்ட 104 ஆண்டுகள் பெண்கள் எடை தூக்காமலா இருந்தனர்? விறகும் குடமும் செங்கல்லும் அவர்கள் தலையில் ஏறியபோது எழாத உடல்நலக் கவலை, இரும்புத்தண்டைத் தொட்டபோது மட்டும் எழுந்தது. பிழைப்புக்குத் தூக்குவதைச் 'சுமை' என்றும் போட்டிக்குத் தூக்குவதைப் 'பளு' என்றும் தமிழ் பிரித்து வழங்குவது, மொழியியல் பயின்ற என்னை நெடுநாளாக உறுத்தும் செய்தி.

பெண்களுக்கான உலகப் போட்டி 1987இல்தான் தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில், மான்செஸ்டரில், மணிப்பூரின் குஞ்சராணி தேவி மூன்று வெள்ளிப் பதக்கங்களை வென்றார். சிட்னியில் 69 கிலோ பிரிவில் கர்ணம் மல்லேஸ்வரி ஸ்னாட்ச் முறையில் 110, கிளீன் அண்ட் ஜெர்க் முறையில் 130 என மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் பெற்றார். ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவரே. இறுதி முயற்சியில் அவர் கேட்ட 137.5 கிலோ கைகூடவில்லை. தங்கம் 242.5 கிலோவுக்கே கிட்டியதால் அம்முடிவைக் குறைகூறுவோர் இன்றும் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. பளுதூக்குவோர் தொடக்கத்திலேயே கற்பவற்றுள் ஒன்று, தாங்க இயலாத தண்டைக் கைவிட்டு விலகி நிற்பது. தோல்வியும் அங்கே பயிற்சியின் பகுதி. சித்தாளுக்கு அவ்வுரிமை இல்லை; கூடையைக் கீழே போட்டால் கூலி போகும்.

டோக்கியோவில் 49 கிலோ பிரிவில் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்ற மீராபாய் சானுவும் சிறுவயதில் விறகு சுமந்தவரே.